25 சத அரிசியும் ஓர் அரசின் ஆட்டமும்

வறுமை புரட்சியைப் பெற்றெடுக்கும் தாய் என்ற கருத்து நமக்குப் புதியதல்ல. கிரேக்க ஞானி அரிஸ்ரோட்டில் தமது அரசியல் நூலில் அவ்வாறு எழுதினார். பின் வந்தோர் அதை மேடைதோறும் முழங்கினர். பாடசாலைக் கட்டுரைகளில் இன்றும் அது தவறாது இடம்பெறுகின்றது. பலமுறை சொல்லப்பட்டதாலேயே அது உண்மைதானா என்று எவரும் நின்று கேட்பதில்லை.

வறுமைதான் புரட்சியின் தாய் என்றால், உலகின் மிக ஏழ்மையான ஊர்களிலேயே முதலில் புரட்சி வெடித்திருக்க வேண்டும். பசி மிகுந்த ஆண்டிலேயே அரசுகள் கவிழ்ந்திருக்க வேண்டும். வரலாறோ அவ்வாறு நடக்கவில்லை. பட்டினியால் இலட்சக்கணக்கானோர் சத்தமின்றி மடிந்த நாடுகள் உண்டு. கடையில் அரிசி இருந்தபோதே மக்கள் கிளர்ந்தெழுந்த நாடுகளும் உண்டு. இந்த வேறுபாட்டின் காரணத்தை இன்றைய தொடரில் நோக்குவோம். அதற்காக நாம் பாரிஸ் நகரத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நமது இலங்கை மண்ணிலேயே ஒரு தக்க சான்று உண்டு. அது 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி நடைபெற்ற ஹர்த்தால்.

அதன் பின்னணியை முதலில் அறிந்துகொள்வது நல்லது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் எவ்வளவுதான் நெல் விளைந்தாலும், இலங்கைத் தீவு அந்நாளில் தன் சோற்றுக்குப் பிறநாட்டையே நம்பியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் நாம் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மா அரிசி. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வழி அடைபட்டது. அரசாங்கம் அரிசிப் பங்கீட்டைத் தொடங்கியது. கூப்பன் என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். யுத்தம் முடிந்த பின்பும் கூப்பன் முடியவில்லை. அரசு மானியம் கொடுத்து விலையைத் தாழ்த்தி வைத்தது. ஒரு கொத்து அரிசி 25 சதம் என்பது மக்கள் மனத்தில் ஒரு சலுகையாக அன்றி, உரிமையாகவே பதிந்துவிட்டது.

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவராக நின்ற டட்லி சேனநாயக்கா, 25 சத அரிசி தொடரும் என்று வாக்குறுதி அளித்தார். மக்கள் அதை நம்பி வாக்களித்தனர். ஆனால் கொரிய யுத்தத்தால் உயர்ந்திருந்த இறப்பர் விலை அதற்குள் சரியத் தொடங்கியிருந்தது. உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறியது. நாட்டின் வருமானம் குறைந்தது, மானியச் செலவு கூடியது. 1952 டிசெம்பரில் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்பது அந்த ஒப்பந்தத்தின் ஏற்பாடு. ஆகவே 1953இல் நாட்டுக்கு அரிசி வரும் வழி அடைபட்டிருக்கவில்லை. இதனை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1953 யூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தனா அரிசி மானியத்தை வெட்டினார். 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசி ஒரேயடியாக 70 சதம் ஆயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. கூலிக்குப் போய் அன்றன்று சமைக்கும் குடும்பத்துக்கு இது எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

லங்கா சமசமாஜக் கட்சி முன்னின்று ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது. ஏனைய இடதுசாரிக் கட்சிகளும் இணைந்தன. இலங்கைத் தமிழரசுக் கட்சியும் ஆதரவு அளித்தது. ஆகஸ்ட் 12ஆம் திகதி கடைகள் மூடப்பட்டன. தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. மேற்குக் கரையிலும் தென்மேற்குக் கரையிலும் மக்கள் வீதிகளை மறித்தனர், தண்டவாளங்களைப் பெயர்த்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. சுதந்திரம் பெற்று ஐந்தாண்டுகளே ஆன ஒரு நாட்டின் அமைச்சர்கள், தம் சொந்த மக்களுக்கு அஞ்சிப் பழைய எசமானரின் கப்பலில் ஏறியது சாதாரண நிகழ்ச்சியன்று. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேரளவில் மாண்டனர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசி விலையும் 55 சதமாகக் குறைந்தது.

இனி நமது கேள்விக்கு வருவோம். 1953இல் இலங்கையில் பஞ்சம் இருந்ததா? இல்லை. கடையில் அரிசி இல்லையா? இருந்தது. மக்களை வீதிக்கு இறக்கியது வயிற்றின் வெறுமை மட்டுமன்று. கொடுத்த வாக்கு ஓராண்டு சற்றுக் கடந்ததுமே மீறப்பட்டதுதான் அவர்களை வீதிக்கு இறக்கியது. நேற்று வரை தம்முடையதாக இருந்த சோற்றை இன்று ஒருவர் எடுத்துக்கொண்டார் என்ற உணர்வு அது. எடுத்தவர் யார் என்பதும் வெளிப்படையாகத் தெரிந்தது. வானம் பொய்த்தால் யாரைக் கேட்பது? வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தவரைக் கேட்கலாம் அல்லவா?

கிளர்ந்தவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். நாட்டின் மிக வறியவர்கள் அன்று முன்வரிசையில் இல்லை. துறைமுகத் தொழிலாளர், புகையிரதத் தொழிலாளர், தொழிற்சங்கத்தில் இருந்தோர், இடதுசாரி இயக்கம் வேரூன்றிய கரையோரக் கிராமத்தவர் ஆகியோரே முன்னின்றனர். மலையகத் தோட்டங்களில் இவர்களினும் மெலிந்த வயிறுகள் இருந்தன. ஆனால் 1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அம்மக்களிடமிருந்து பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்துவிட்டிருந்தன. வாக்கில்லாதவரின் பசிக்கு எந்த அமைச்சரவையும் கப்பலேறுவதில்லை.

இதே பாடத்தை வங்காளத்திலும் காணலாம். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் 20 இலட்சம் முதல் 30 இலட்சம் வரை என்று மதிப்பிடுவர். அரிசிக் கடைகள் இருந்த கல்கத்தா நகரத்து நடைபாதைகளிலேயே மக்கள் விழுந்து இறந்தனர். அவ்வாண்டில் உணவு முற்றாக இல்லாது போகவில்லை, அதை வாங்கும் சக்தியே ஏழைகளிடம் இல்லாது போயிற்று என்பதை அமர்த்தியா சென் 1981இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். இத்தனை இலட்சம் பேர் மடிந்த அந்த ஆண்டில் ஒரு புரட்சி எழவில்லை. பட்டினியின் அடியாழத்தில் இருப்பவனுக்குக் கைதூக்கவும் வலு இருக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1946இல், அதே வங்காளத்தில் வாரக்குடிகள் எழுந்தனர். விளைச்சலில் பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று கேட்ட அப்போராட்டமே தெபாகா இயக்கம். அப்போது அவர்கள் கண்முன் கதிர் விளைந்து நின்றது. பின்னால் கிசான் சபை என்ற அமைப்பு நின்றது. பஞ்சத்தில் மௌனமாக இருந்த மண், விளைச்சலைப் பங்கிடும் வேளையில் வாய் திறந்தது.

பிரான்சிய, ருஷ்யப் புரட்சிகளும் இதற்கு விலக்கல்ல. 1788இல் பிரான்சில் விளைச்சல் கெட்டது. அடுத்த ஆண்டு யூலையில் பாரிஸில் பாண் விலை உச்சத்துக்கு ஏறியது. ஒக்டோபர் 5ஆம் திகதி சந்தைப் பெண்கள் வேர்செயில்ஸ் அரண்மனைக்கு நடந்து சென்று, மறுநாள் அரச குடும்பத்தையே பாரிஸுக்கு அழைத்து வந்தனர். அரசனைப் பாண்காரன் என்றும், அரசியைப் பாண்காரி என்றும், இளவரசனைப் பாண்கடைப் பையன் என்றும் கூட்டத்தினர் கேலி செய்தனர். அந்தக் கேலிக்குள் ஓர் அரசியல் இருந்தது. மக்களுக்குப் பாண் கிடைக்கச் செய்வது அரசனின் கடமை. அக்கடமையை அவன் தவறினான் என்பதே அதன் பொருள். 1917இல் பெத்ரோகிராட் நகரத்துப் பெண் தொழிலாளரும் பாண் வரிசையில் நின்று சலித்தே வீதிக்கு வந்தனர். நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தும் நகரத்துக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. அவர்கள் இறங்கிய ஒரு வாரத்தில் சார் மன்னன் முடிதுறந்தான். அந்த வீழ்ச்சியைத்தான் நம் பாரதியார் 'புதிய ருஷியா' என்ற பாடலில் வரவேற்றார்.

அரிஸ்ரோட்டிலும் இதை அறியாதவர் அல்லர். வறுமை பற்றிய அவரது கூற்றைப் பிடித்துக்கொண்ட நாம், அதே நூலின் ஐந்தாம் பகுதியை மறந்துவிட்டோம். அரசியற் கிளர்ச்சிகளின் வேர் சமமின்மையில் இருக்கின்றது என்று அவர் அங்கு விரிவாக விளக்குகின்றார்.

மட்டக்களப்பாருக்கு இதை விளக்கக் கிரேக்கமும் தேவையில்லை. வைகாசி பிறந்தால் செட்டிபாளையம் முதல் காரைதீவு, தம்பிலுவில் வரை கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி ஆடுகின்றோம். அந்தக் கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். செல்வம் இழந்த கோவலனும் கண்ணகியும் ஒரு சிலம்பை விற்றுப் பிழைக்க மதுரைக்கு வந்தார்கள். வறுமை அவர்களை மதுரை வரை நடத்தி வந்தது, அவ்வளவே. வறுமையைக் கண்ணகி பொறுத்துக்கொண்டாள். அரசன் பிழையான தீர்ப்பு வழங்கி அவள் கணவனைக் கொன்ற பிறகுதான் மதுரை எரிந்தது. பசியும் இல்லாமையும் மனிதரை அரண்மனை வாசல் வரை கொண்டு வருகின்றன. உள்ளே கிடைப்பது நீதியா அநீதியா என்பதைப் பொறுத்தே அடுத்தது நடக்கின்றது.

இத்துடன் இன்னொரு கேள்வியும் எழுகின்றது. மூண்ட கோபம் எத்திசையில் செல்லும்? மாரி மழையில் நமது வாவி நிறைந்து வயலும் வீடும் மூழ்கும்போது, முகத்துவாரத்தில் மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது வழக்கம். நீர் தானாக வழி தேர்வதில்லை. வெட்டுபவர் வெட்டிய வழியே பாயும். மக்களின் கோபமும் அத்தகையதே.

1953இல் சிங்களத் தொழிலாளியும் தமிழ்க் கட்சியும் அரிசிக்காக ஒரே பக்கம் நின்றனர். அந்த ஹர்த்தாலால் பலமிழந்த ஐக்கிய தேசியக் கட்சி 1956இல் படுதோல்வி கண்டது. ஆனால் அவ்வெள்ளத்துக்கு அப்போது வெட்டப்பட்டிருந்த வாய்க்கால் வேறு. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம், ஹர்த்தால் தலைவர்களுள் ஒருவரான பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் 1958இல் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தேடியது உண்மை. அதற்கு முன்பே, 1956 யூனில், அதே அரசாங்கம் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியதும் உண்மை. அந்த யூன் மாதத்திலேயே பட்டிப்பளை ஆற்றோரத்துக் கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழரின் இரத்தம் சிந்தியது. அந்தப் பிரதேசம் அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. அரிசி விலையில் தொடங்கிய ஒரு கோபம் மூன்றாண்டுகளில் மொழிக் கோபமாக வழிமாறிய விலையை நாம் கொடுத்தோம்.

வரலாறு இதை மீண்டும் ஒருமுறை நடத்திக் காட்டியது. 1953இல் மானிய வெட்டை எதிர்த்து நின்ற சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா, 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் நிதியமைச்சரானார். எரிபொருளும் உணவும் உலகெங்கும் விலையேறிய அக்காலத்தில், அவர் பதவியில் இருந்தபோதே பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. பாணுக்கு வரிசை நீண்டது. சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு வெந்தது. நெல்லையும் அரிசியையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லவும் தடைகள் இருந்தன. மிகக் கொடிய பட்டினி 1974இல் மலையகத் தோட்டங்களிலேயே நிகழ்ந்தது. அங்கு இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது. அங்கே கிளர்ச்சி எழவில்லை. வரிசையில் நின்ற மற்றையோர் 1977 யூலையில் வாக்குச் சீட்டால் பதில் சொன்னார்கள். 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 140ஐப் பிடித்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 மட்டுமே. இடதுசாரிகளுக்கு ஒன்றுமே இல்லை.

அதனால் ஏழையின் உலை நிறைந்ததா? புதிய அரசாங்கம் 1979இல் பங்கீட்டை ஒழித்து உணவு முத்திரையைக் கொடுத்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. சில ஆண்டுகளில் அதன் பெறுமதி பாதியாகத் தேய்ந்தது. ருஷ்யாவிலும் புரட்சிக்குப் பின் 1921, 1922ஆம் ஆண்டுகளில் பெரும் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மதுரையை எரித்த கதையிலும் இது சொல்லப்படுகின்றது. நகரம் எரிந்த பின் பாண்டி நாட்டில் மழை பொய்த்தது, பசியும் நோயும் பரவின. தீ அநீதியை அழிக்கலாம்; அது அரிசியை விளைவிப்பதில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021இல் கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. அடுத்து வந்த மாரி போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. காலிமுகத்திடலில் கூடிய மக்கள் யூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். 14ஆம் திகதி அவர் பதவி துறந்தார். ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டது அதற்குப் பின்னர், செப்டெம்பரில்! விலை உச்சத்தில் நின்ற மாதத்தில் மாளிகைகள் அமைதியாக இருந்தன. கிளர்ச்சியின் காலத்தை விலை மட்டும் நிர்ணயிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அந்த நாள்களில் வடகிழக்கு ஏன் அவ்வளவாகக் கிளரவில்லை என்று தெற்கிலுள்ள நண்பர்கள் பலர் கேட்டனர். வாவிக்கரையில் வாழ்ந்தோருக்கு அதன் பதில் தெரியும். யுத்த காலத்தில் உரமும் எரிபொருளும் தடைப்பட, படுவான்கரைக்குத் துறை கடந்து ஒரு பொருளைக் கொண்டுசெல்வதே போராட்டமாக இருந்தது. போத்தல் விளக்கும் வரிசையும் நமக்குப் பழகியவை. மேலும், ஏமாற்றப்பட்டதாக எண்ணுவதற்கு முதலில் நம்பியிருக்க வேண்டும். 2019இல் அந்த ஜனாதிபதியை நம்பி வாக்களித்தவர்களுக்கே வாக்குறுதி உடைந்தது. மட்டக்களப்பு அவரை நம்பியதே இல்லை. 2024 பொதுத்தேர்தலில் நாட்டின் மற்றெல்லா மாவட்டங்களிலும் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற, மட்டக்களப்பு ஒன்றே விலகி நின்றது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

இவ்வாறு கிளர்ச்சியிலிருந்து ஒதுங்கி நின்றதால் நமது பசி தீர்ந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடளாவிய வறுமை 4.1 சதவீதம், மட்டக்களப்பில் 11.3 சதவீதம். நெல் விளையும் மாவட்டம் இது. களவெட்டியில் பொலி பொலி என்று பாடிச் சூடடித்த பரம்பரை இது. அறுவடைக் காலத்தில் போடியாரின் களஞ்சியம் நிறைய, வயலில் உழைத்தவன் அடுத்த விதைப்புக்குள் கடன் கேட்டு நின்ற கதைகள் நம் கிராமங்களில் ஏராளம். இந்தப் பசி கூச்சலிடுவதில்லை, வீதியை மறிப்பதில்லை. ஆகவே எந்த அமைச்சரும் இதற்கு அஞ்சுவதுமில்லை.

புரட்சி செய்யும் பசியைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. புரட்சி செய்யாத பசியைப் பற்றி எழுத வேண்டியவர் நாமே. தோட்டத்து லயங்களில் 1974இல் மாண்டோரும், கல்கத்தாத் தெருக்களில் 1943இல் மாண்டோரும் அரசைக் கவிழ்க்கவில்லை. அதனால் அவர்களின் பசி சிறிய பசியாகிவிடாது. கிளர்ச்சி வந்தபின் விலையைக் குறைப்பது அச்சத்தின் செயல். சத்தமில்லாத வீட்டின் அடுப்பையும் கணக்கில் எடுப்பதே அறத்தின் செயல். நம் முன்னோர் கண்ணகியின் சினத்தைப் போற்றியதோடு நில்லாமல், ஆண்டுதோறும் அவளைக் குளிர்வித்தும் வந்தார்கள். பசித்தவன் வழக்குரைக்க வரும் வரை காத்திராமல், அவன் வாசலுக்கு நீதி முதலில் போய்ச் சேருமாயின், மதுரை எரிய வேண்டியதில்லை.